படிகள் குறைந்த வாசல்கள்: சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குறிப்புகள்

சென்னை சைதாப்பேட்டையில் அடையாற்றை நோக்கிச் சரியும் சந்துகளில் மிச்சமிருக்கும் பழைய ஓட்டு வீடுகளுக்குள் போக வேண்டுமானால், இன்று தெருவிலிருந்து கீழே இறங்க வேண்டியிருக்கிறது. அவை கட்டப்பட்ட காலத்தில் மூன்று படிகள் ஏறித்தான் திண்ணையை அடைய முடிந்தது என்று அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் சொல்கிறார்கள். வீடு புதையவில்லை, தெருதான் உயர்ந்திருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரைக் கொட்டி உருளையை ஓட்டி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று விரற்கடை என்று ஏறி ஏறி, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் சாலை வாசற்படியைத் தாண்டிவிட்டது. சாலை போட்ட ஒவ்வொரு நாளும் தெருவே மகிழ்ந்தது, பிள்ளைகள் சூடான தாரின் மணத்தை மோந்துகொண்டு ஓடினார்கள். படியொன்று குறைந்துபோனதை யாரும் அன்றைக்கு எழுதி வைக்கவில்லை.

பெரிய மாற்றங்களுக்குத் தேதி இருக்கிறது. சின்னமலை வரை மெட்ரோ ரயில் வந்தது 2016 செப்டம்பர் 21. நிலத்தடி வழியாகச் சைதாப்பேட்டையைத் தொட்டது 2018 மே 25. அடையாறு கரை கடந்து எங்கள் தெருக்களுக்குள் புகுந்தது 2015 டிசம்பர் முதல் தேதி இரவு. இவற்றை நாங்கள் மறந்தாலும் செய்தித்தாள்கள் நினைவில் வைத்திருக்கும். ஆனால் ஆற்றுப் பக்கத்துச் சன்னல்கள் எப்போது நிரந்தரமாகச் சாத்தப்பட்டன, கரையில் மாடு கட்டியிருந்தவர்கள் எப்போது மாட்டை விற்றார்கள், மாலையில் காற்று வாங்க ஆற்றுப் பக்கம் போவது எந்த ஆண்டோடு நின்றது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நான் எழுத விரும்புவது இவற்றைப் பற்றித்தான். தேதி இல்லாத மாற்றத்துக்குப் பொறுப்பாளி என்று எவரும் இருப்பதில்லை; அதை எதிர்த்துக் கேட்பதற்கான நாள் என்றும் ஒன்று வருவதில்லை.

சைதாப்பேட்டையை நான் இன்னும் ஓர் ஊர் என்றே நினைக்கிறேன். 1940-களில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை அது தனி நகராட்சியாகத்தான் இருந்தது. 1868-இல் இங்கே தொடங்கப்பட்ட வேளாண்மைப் பள்ளிதான் 1906-இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து, பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பயிர்த்தொழிலைச் சொல்லிக்கொடுப்பதற்கு ஏற்ற நிலமும் நீரும் உள்ள இடமென்று ஒரு காலத்தில் இந்த ஊர் கருதப்பட்டிருக்கிறது என்பதை, இன்று பஜார் சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு இடையே வழி தேடும்போது நம்புவது கடினம். ஆனாலும் அண்ணா சாலையின் இரைச்சலை விட்டு உள்ளே திரும்பி, காரணீஸ்வரர் கோயிலையும் அதன் குளத்தையும் கடந்து, ஆற்றை நோக்கிப் போகும் சந்துகளில் நுழைந்துவிட்டால், சட்டென்று ஓசை அடங்கிவிடுகிறது. நண்பகலில் அங்கே கேட்பது குக்கர் விசிலும், தையல் இயந்திரமும், சற்றுத் தொலைவில் பாலத்தின் மேல் கடக்கும் மின்சார ரயிலும் மட்டுமே.

ஊர் ஆற்றங்கரையில் இருப்பதற்கு மிகப் பழைய சான்று பாலம்தான். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726-இல் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு அடையாற்றின் மேல் வளைவுப் பாலம் கட்டினார். பறங்கிமலைக்குப் போகிறவர்கள் வெள்ளக் காலத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் தவித்ததுதான் அதற்குக் காரணம். மலையேறும் படிக்கட்டுகளும் அவர் செலவில் அமைந்தவையே. பாலத்தைப் பராமரிப்பதற்கென்று தனியாகவும் பணம் ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார் என்பதே அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கட்டுவது ஒரு நாளின் பெருமை, காப்பது எல்லா நாளின் வேலை என்பதை அவர் புரிந்து வைத்திருந்தார். அந்தப் பாலம் இன்று இல்லை. அதே இடத்தில் நிற்கும் புதிய பாலத்துக்கு மறைமலை அடிகள் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பழைய பாலத்தின் கல்வெட்டு மட்டும் தப்பிப் பிழைத்தது. ஒரு நாளில் லட்சக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறார்கள்.

பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆறு ஆண்டு முழுவதும் ஒரே நிறத்தில் இருப்பதாகத்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். கரையில் வாழ்கிறவர்களுக்கு அது மாதந்தோறும் வேறு வேறு. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆதனூர் ஏரிப் பக்கத்திலிருந்து புறப்படும் அடையாறு, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் சேர்த்துக்கொண்டு வரும்போது, செம்மண் நிறத்தில், நுரை தள்ளிக்கொண்டு, உண்மையான ஆறாக ஓடுகிறது. தை பிறந்ததும் ஓட்டம் தளர்ந்து நீர் பாசி நிறத்துக்கு மாறும். மாசி, பங்குனியில் ஆகாயத்தாமரை ஒவ்வொரு திட்டாகச் சேர்ந்து நீரை மூடும். சித்திரையில் ஓட்டம் என்று சொல்வதற்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் கழிவுநீர்தான், அது கறுத்துத் தேங்கி நிற்கும். பிறகு முதல் மழை வருகிறது. அந்த முதல் மழை ஆற்றைக் கழுவிவிடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறானது: அடியில் மாதக்கணக்கில் படிந்த சேறு கலங்கி மேலே வந்து, நீரில் கரைந்திருக்கும் கொஞ்ச நஞ்ச உயிர்வளியையும் குடித்துவிட, மறுநாள் காலையில் ஜிலேபிக் கெண்டைகள் வயிற்றைக் காட்டி மிதக்கும். கழிவுநீரிலும் பிழைத்துக் கிடக்கும் அந்த மீனே சாகிறதென்றால் நீரின் நிலையைப் பற்றி வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

பறவைகள் விஷயத்திலும் பார்வைக்குப் பழக்கம் வேண்டியிருக்கிறது. கோடைக் காலையில் ஆற்றின் ஆழமற்ற ஓரங்களில் செங்கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். மடையானும் சின்ன வெள்ளைக் கொக்கும் ஆகாயத்தாமரையின் மேல் நடக்கும். படம் எடுப்பவர்கள் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்று, ஆறு பிழைத்துக்கொண்டது என்று சொல்லி மகிழ்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த உள்ளான்களை இங்கே ஈர்ப்பது, கழிவு நிறைந்த சேற்றில் கோடிக்கணக்கில் பெருகும் கொசுவினப் பூச்சிகளின் புழுக்கள்தாம். தெளிந்த நீர் தேவைப்படும் பறவைகள் எவை, சாக்கடையிலும் இரை கண்டுகொள்ளும் பறவைகள் எவை என்று பிரித்துப் பார்க்காத வரை அந்த அழகே நம்மை ஏமாற்றிவிடும். எனக்கு நம்பிக்கை தரும் பறவை மீன்கொத்தி. அது நீருக்குள் இருப்பதைக் கண்ணால் கண்டுதான் பாய வேண்டும், அதனால் நீர் கலங்கிக் கிடக்கும் காலத்தில் ஆற்றை விட்டு மின்கம்பியில் உட்கார்ந்து ஓணானையும் வெட்டுக்கிளியையும் தேடுகிறது. மார்கழியில் சில வாரங்கள் மட்டும் அது நீரை நோக்கித் திரும்பி அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன்.

ஆற்றின் நாற்றத்துக்கு எல்லோருமே பழகிவிட்டோம் என்று சொல்லலாம், ஆனால் வீட்டிலுள்ள உலோகங்கள் பழகிக்கொள்வதில்லை. உயிர்வளி அற்ற கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வளி, வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். கரையோரத்து வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கைப் பொங்கலுக்குத் துலக்கி வைத்தால் பங்குனி உத்தரத்துக்குள் மங்கிவிடுகிறது. குழந்தையின் கொலுசு கறுத்தால் உடம்பில் சூடு அதிகம் என்று பாட்டிமார்கள் வைத்தியம் பார்க்கிறார்கள். அதே கொலுசு மாம்பலத்து அத்தை வீட்டில் ஒரு மாதம் இருந்தால் கறுப்பதில்லை. ஏசி பழுது பார்க்க வருகிற தம்பியிடம் விசாரித்தேன். "ஆத்தாண்ட இருக்கற வூட்ல காயில் சீக்கிரம் பொத்துக்கும்கா, கேஸ் நிக்காது," என்றார். செம்புக் குழாய் அரிக்கப்பட்டுக் கசிவதைத்தான் அவர் சொல்கிறார். அந்தக் காற்றையே நாங்கள் இரவு முழுவதும் மூச்சிழுக்கிறோம் என்பது அவருடைய ரசீதைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

ஆற்றோடு நேரடித் தொழில் உறவு வைத்திருந்தவர்கள் சலவைத் தொழிலாளிகள். இந்தப் பகுதியின் மூத்த சலவைக் குடும்பங்களில், ஆற்று நீரில் துவைத்து மணலில் உலர்த்திய காலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். உவர்மண் கரைசலில் துணியை ஊற வைத்து, பெரிய பானையின் மேல் அடுக்கி விடிய விடிய வெள்ளாவி வைத்து, விடியற்காலையில் ஆற்றில் அலசுவார்கள். எந்தத் துணி எந்த வீட்டுக்கு உரியது என்பதைச் சேராங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் இட்ட குறியை வைத்து அறிவார்கள். எத்தனை முறை துவைத்தாலும் அந்தக் கறை போகாது. புள்ளி, கோடு, பெருக்கல் குறி என்று நூற்றுக்கணக்கான வீடுகளின் அடையாளத்தை எழுத்தறியாத பெண்கள் மனத்தில் சுமந்திருந்தார்கள். நீர் கெட்டபோது அவர்கள் தொட்டிக்கும் குழாய் நீருக்கும் மாறினார்கள். வீடுகளில் சலவை இயந்திரம் வந்தபோது துவைப்பதை விட்டு இஸ்திரிக்கு மாறினார்கள். இப்போது எங்கள் சந்து முனையில் தள்ளுவண்டி வைத்திருக்கும் அண்ணன் கரிப்பெட்டியையும் விட்டுவிட்டு, சிலிண்டரில் ஓடும் பெட்டிக்கு மாறியிருக்கிறார். கரி நெருப்பின் முன்னால் முப்பது ஆண்டு நின்ற அவருடைய நெஞ்சுக்கு அது நல்லது. "இப்போ இருமல் இல்லக்கா," என்று அவர் சொன்னபோது எனக்கு மெய்யாகவே நிம்மதியாக இருந்தது. ஆயினும் ஆறு, தொட்டி, வண்டி, கரி, சிலிண்டர் என்று ஒரே குடும்பம் நான்கைந்து முறை தொழிலை மாற்றிக்கொண்டதை ஊர் கவனிக்கவே இல்லை. வாரத்துக்கு ஒரு முறை சட்டை மடிப்புக் கலையாமல் வந்துகொண்டிருந்ததால் எதுவும் மாறவில்லை என்று இருந்துவிட்டோம்.

2015 வெள்ளத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதும், மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றதும், கரையோரக் குடிசைகள் ஓரிரவில் போனதும் எல்லோரும் அறிந்தவை. 1976-இலும் 1985-இலும் 2005-இலும் அடையாறு பெருகியிருக்கிறது என்று மூத்தவர்கள் ஆண்டு வரிசையோடு சொல்வார்கள். நான் சொல்ல நினைப்பது வெள்ளம் வடிந்த பிறகு வீடுகளுக்குள் நடந்த சிறு இடமாற்றங்களை. சுவரில் இடுப்பு உயரத்தில் இருந்த மின் இணைப்புப் பலகைகள், அடுத்த முறை வெள்ளையடித்தபோது தோள் உயரத்துக்கு ஏறின. குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் இரும்புத் தாங்கி வந்தது. ரேஷன் அட்டையும் பள்ளிச் சான்றிதழ்களும் வீட்டுப் பத்திரமும் பீரோவின் அடித்தட்டிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் புகுந்து, பரணுக்குப் போயின. வயதானவர்களுக்கு வசதி என்று தரைத்தளத்தைக் கேட்டு வாங்கிய குடும்பங்கள் இப்போது மாடியைத்தான் கேட்கின்றன, முட்டிவலியோடு ஏறி இறங்குகிறார்கள். கரையை ஒட்டிய சந்துகளில் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டப்படும் அடுக்குமாடிகளில் தரைத்தளமே கிடையாது. தூண்கள் மட்டும் நிற்க, வண்டிகள் அங்கே உறங்குகின்றன. அதன் விளைவாகத் தெருவோடு பேசும் வீடுகள் குறைந்துவிட்டன. முன்பு காய்கறி வண்டி வந்தால் திண்ணையிலிருந்தே பேரம் நடக்கும். இப்போது மேலிருந்து கயிற்றில் பை இறங்குகிறது, முகம் தெரிவதில்லை.

தெரு உயர்வைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பார்வையில் வெள்ளத்துக்கு நிகரான தீங்கை அது செய்திருக்கிறது, ஆனால் ஒரு நாளும் செய்தியாகவில்லை. ஆற்றங்கரைத் தெருக்கள் இயல்பாகவே ஆற்றை நோக்கிச் சரிந்தவை. மழைநீர் தெருவில் விழுந்து, தெருவோடு ஓடி, ஆற்றில் கலந்துவிடும். இரு பக்கமும் வீடுகள் உயரத்தில் இருந்தன, நடுவில் தெரு வாய்க்காலாக வேலை செய்தது. இன்று தெரு உயரத்தில் இருக்கிறது, வீட்டு முற்றங்கள் பள்ளமாகிவிட்டன. எங்கள் சந்தில் பூக்கட்டும் ஆயா இதை ஒரு நாள் சொன்ன விதத்துக்கு மேல் என்னால் சொல்ல முடியாது. "அப்பல்லாம் தண்ணி நேரா ஆத்துக்குப் போவும். இப்போ நம்ம வூட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டு, மோட்டார் வெச்சு எறைச்சாத்தான் போவுது." நீர் இப்படி உள்ளே வர ஆறு பெருக வேண்டியதில்லை, செம்பரம்பாக்கம் திறக்க வேண்டியதில்லை, இரண்டு மணி நேரம் பலத்த மழை போதும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அரசு தெளிவாக உத்தரவிட்டது. அதற்குப் பிறகு சாலை போடும்போது சுரண்டும் இயந்திரம் வருகிறதா என்று வாசலில் நின்று பார்க்கிற பழக்கம் எங்களில் சிலருக்கு வந்திருக்கிறது. பெரிய சாலைகளில் அது வருகிறது. குறுகிய சந்துகளுக்குள் அதே கவனிப்பு வரும் என்று காத்திருக்க முடியாது, கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

வசதி உள்ளவர்கள் வீட்டையே தூக்குகிறார்கள். அடித்தளத்துக்குக் கீழே வரிசையாக ஜாக்கிகளைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சிறிது சிறிதாகத் திருகி, இடைவெளியில் செங்கல் அடுக்கி, சில வாரங்களில் கட்டடத்தை மூன்று நான்கு அடி உயர்த்திவிடுகிறார்கள். மேலே குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கக் கீழே வீடு எழும்புவது வியப்பான காட்சிதான். ஆனால் அடுத்த வீட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லையென்றால், இந்த வீட்டிலிருந்து தப்பிய நீர் அங்கேதான் போகும். தெரு உயர்ந்தது எல்லோருக்கும் பொதுவாக, உயர்வதற்கான செலவோ ஒவ்வொருவருக்கும் தனியாக என்றாகிவிட்டது. சலவைக்காரர் குடும்பமும் ஆயாவும் தாழ்ந்த வாசலிலேயே இருக்கிறார்கள். மழைக்காலத்தில் வாசலில் ஒன்றரை அடிச் சிறு சுவர் எழுப்பி, குழந்தைகளை அதன் மேல் தூக்கி அந்தப் பக்கம் விடுகிறார்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் கரைகளில் இருந்த குடியிருப்புகள் அகற்றப்பட்டு, பெரும்பாலான குடும்பங்கள் நகரின் தெற்கு விளிம்பில் உள்ள பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. ஆற்றின் வெள்ளப் பாதையில் எவரும் உயிரைப் பணயம் வைத்து வாழக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர்கள் போனதால் இந்த ஊருக்கு என்ன ஆயிற்று என்பதை நாங்கள் தவணை முறையில்தான் தெரிந்துகொண்டோம். முதலில் விடியற்காலை ஆப்பக் கடை இல்லாமல் போனது. அடுத்து, வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஏழு மணிக்கு வந்தவர் ஒன்பதரைக்கு வர ஆரம்பித்தார். இரண்டு பேருந்து மாறி வருவதாகச் சொன்னார், பிறகு ஒரு மாதம் வரவில்லை, பிறகு வரவே இல்லை. மாநகராட்சிப் பள்ளியில் மாலை நேரத்தில் எழும் இரைச்சல் குறைந்தது. தெருவில் பந்து விளையாடிய பையன்களில் பாதிப் பேர் இல்லை. ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும்போது வரிசை குட்டையாக இருந்தது. அப்போதுதான் பலருக்கு உறைத்தது. ஊரைத் தினமும் எழுப்பியவர்களும் கழுவியவர்களும் பசியாற்றியவர்களும் வெகுதொலைவு போயிருந்தார்கள். அவர்கள் இடத்தில் கம்பி வேலியும் நட்டு வைத்த மரக்கன்றுகளும் இருக்கின்றன. மரங்கள் வளரட்டும். அந்த அக்காவுக்கும் அங்கே பக்கத்திலேயே வேலை கிடைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறை அந்த வேலியைப் பார்க்கும்போதும் மனம் அடித்துக்கொள்கிறது.

கரையில் எழுந்த தடுப்புச் சுவர் பலருக்கு உறக்கம் தந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரவில், சுவரைப் பார்த்துவிட்டு வந்துதான் எங்கள் தெருவில் பலரும் படுத்தார்கள். அதே வேளையில் சுவர் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ஆறு உள்ளே வராமல் தடுப்பது போலத் தெருநீர் ஆற்றுக்குப் போவதையும் தடுக்கிறது. வடிகால் குழாய் சுவரைத் துளைத்து ஆற்றில் விழும் இடத்தில், ஆற்றுமட்டம் உயர்ந்தால் தானாக மூடிக்கொள்ளும் கதவு இருக்க வேண்டும், மூடிய பிறகு உள்ளே சேரும் நீரை இறைக்க மோட்டார் தயாராக இருக்க வேண்டும். கதவில் பிளாஸ்டிக் குப்பை சிக்கினால் அது முழுதாக மூடாது. ஆகவே புரட்டாசியில் அந்தக் கதவுகளைத் திறந்து மூடிப் பார்ப்பதே சுவர் கட்டியதன் மிச்ச வேலை. அதைப் பார்க்கக் கரைக்குப் போக வேண்டும், போவதற்கு வழி வேண்டும். உயர்ந்த சுவரும் வேலியும் வந்த பிறகு பிள்ளைகளுக்கு ஆறு தெரிவதே இல்லை. எங்கள் சந்தில் வளர்கிற பத்து வயதுச் சிறுமி ஒருத்தியிடம் ஆறு எந்தப் பக்கம் என்று கேட்டேன், தெரியவில்லை. அவள் வீட்டிலிருந்து இரு நூறு அடிக்குள் ஆறு ஓடுகிறது. மின்சார ரயிலில் கிண்டிக்குப் போகிறவர்களாவது பாலத்தின் மேல் சில விநாடிகள் ஆற்றைப் பார்க்கிறார்கள். மெட்ரோவில் போகிறவர்கள் ஆற்றுக்கு அடியிலேயே கடந்துவிடுகிறார்கள், கடந்தது தெரிவதில்லை.

கெட்டதை மட்டும் கணக்கெடுத்தால் அது கவனிப்பாகாது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்கு முன்பு செம்பரம்பாக்கம் என்பது எங்களுக்குக் குடிநீர் வரும் ஏரி, அவ்வளவே. இப்போது கார்த்திகை மாதத்துக் காலையில் தேநீர்க் கடைக்குப் போனால், ஏரியின் முழு உயரம் 24 அடி, நேற்று எத்தனை அடி, எத்தனை கன அடி வரத்து, எத்தனை திறப்பு என்று ஆட்டோ ஓட்டுநரும் மாவுக் கடைக்காரரும் துல்லியமாகப் பேசிக்கொள்கிறார்கள். எண்கள் கைபேசியில் வருகின்றன. அவற்றுக்குப் பொருள் சொல்ல ஆள் இருக்கிறார்கள். மேலே திறந்தால் இங்கே எவ்வளவு நேரத்தில் ஏறும் என்று கடந்த மழைகளை வைத்துக் கணித்து, தெருமுனை வரை போய்ச் சொல்லிவிட்டு வருகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு ஆறு மறைந்துவிட்ட அதே காலத்தில், ஆற்றின் தலைமாட்டில் நடப்பது கரைவாசிகளுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. இதுவும் மெல்ல நிகழ்ந்ததுதான், இதற்கும் தேதி இல்லை.

தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல நிகழ்வது தெரியாது என்பதால், சில பொருள்களை ஒரு நோட்டில் குறித்து வைத்துப் பார்க்கிறேன். முதல் மழைக்கு மறுநாள் மீன் மிதந்ததா, ஆகாயத்தாமரை எந்த மாதத்தில் பாலத்தைத் தொட்டது, வெள்ளி விளக்கு எப்போது மங்கியது, இஸ்திரி வண்டியில் எத்தனை வீட்டுத் துணி, காலை ஏழு மணிக்குச் சந்துக்குள் வருகிறவர்கள் யார் யார் என்பவை அந்த நோட்டில் இருக்கின்றன. ஆங்கிலத் தேதியோடு தமிழ் மாதத்தையும் எழுதுகிறேன், ஏனென்றால் ஆயாவிடம் கேட்டுச் சரிபார்க்க அதுதான் உதவுகிறது. அவர் ஆண்டைச் சொல்லத் தடுமாறினாலும் ஆடியா ஆவணியா என்பதில் பிசகுவதில்லை. அவர் நினைவில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கும் நீரைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் நிரப்பிய கோடைகள் இருக்கின்றன. அந்த ஊற்று எந்த ஆண்டில் நின்றது என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, தன் இரண்டாவது பெண்ணுக்குக் காது குத்திய கோடையில் நீர் எடுத்தது நினைவிருக்கிறது, அவள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது எடுத்ததாக நினைவில்லை என்றார். நானும் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

இந்த ஆண்டு புரட்டாசிக்குள் எங்கள் சந்திலும் அடுத்த இரண்டு சந்துகளிலும் ஒவ்வொரு வீட்டின் வாசற்படிக்கும் தெருவின் நடுமட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளந்துவிடலாம் என்று இஸ்திரி அண்ணனும் மாவுக் கடைக்காரரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய ரப்பர்க் குழாய் ஒன்று போதும்; ஒருவர் அந்த முனையில், ஒருவர் இந்த முனையில். வீட்டு எண், அளவு, அளந்த நாள் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, வார்டு அலுவலகத்தில் ஒரு பிரதியும் தெருவில் ஒரு பிரதியும் வைப்பது திட்டம். அடுத்த முறை தார் லாரி சந்துக்குள் திரும்பும்போது, அந்தத் தாளோடு நிற்பதற்கு மூன்று சந்துகளிலும் ஆளுக்கொருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.